நாலு போல்ட்டா, ரெண்டு போல்ட்டா, பழைய பல்செட்டா?

தில்லைநகரில் இப்போது டீக்கடைகளைவிடப் பல் ஆஸ்பத்திரிகள்தான் அதிகம் என்று நண்பர்களிடம் சொல்வதுண்டு. எண்ணிப் பார்த்துச் சொன்னதல்ல. ஆனால் ஒரு குறுக்குத்தெருவில் நடந்து போனால் மூன்று நான்கு போர்டாவது கண்ணில் படும். எல்லா போர்டிலும் ஒரு தாத்தாவும் பாட்டியும் முழுப் பல்லும் தெரியச் சிரித்தபடி ஆப்பிளைக் கடித்துக்கொண்டிருப்பார்கள். கீழே ‘ஒரே நாளில் நிலையான பற்கள்’ என்று எழுதியிருக்கும். கழற்ற வேண்டாம், ஆடாது, முறுக்குக் கடிக்கலாம், மாதத் தவணை வசதியும் உண்டு.

என் மைத்துனருக்கு 71 வயது. போன மாதம் அப்படி ஒரு போர்டைப் பார்த்து உள்ளே போனவர், இரண்டு தாடைக்கும் சேர்த்து 6 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய் என்று ஒரு காகிதத்தில் எழுதி வாங்கிக்கொண்டு நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். “அத்தான், போஸ்ட் ஆபீஸ்ல போட்ட பணம் தை மாசம் முடியுது. அதை எடுத்துக் கட்டிரலாம்னு இருக்கேன். நீங்க என்ன சொல்றீங்க?” என்றார். அவருக்கு மூன்று நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னதைத்தான் இங்கே சேர்த்து எழுதுகிறேன். நம் வயதுக்காரர்கள் பலர் இந்த யோசனையில் இருப்பது எனக்குத் தெரியும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பல் முழுவதும் போய்விட்ட நம் வயதுக்காரர்களில் பெரும்பாலோருக்கு மேலே சாதாரணப் பல்செட், கீழே இரண்டே இரண்டு இம்ப்ளான்ட்டில் மாட்டுகிற பல்செட், இது போதும். நாலோ ஆறோ இம்ப்ளான்ட் போட்டு முழு வரிசையையும் முடுக்கி வைப்பது நல்ல வேலைதான், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பல் டாக்டர் என்றாலே அதுதான், இல்லாவிட்டால் தாத்தா காலத்துப் பல்செட்தான் என்று இரண்டே வழி இருப்பதுபோல நம்மிடம் பேசுகிறார்கள். நடுவில் ஒரு வழி இருக்கிறது. அதை ஒரு போர்டிலும் நான் பார்த்ததில்லை.

நான் டாக்டர் இல்லை. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் போல்ட், நட், புஷ், பேரிங் என்று 36 வருஷம் ஓட்டியவன். சர்க்கரையும் ஈறு நோயும் சேர்ந்து 66 வயதுக்குள் என் வாயைக் காலி செய்துவிட்டன. ஆறு வருஷம் மேலும் கீழும் சாதாரணப் பல்செட் போட்டிருந்தேன். பிறகு கீழே மட்டும் இரண்டு இம்ப்ளான்ட் வைத்துக்கொண்டேன். அதற்கும் மூன்று வருஷம் ஆகிறது. ஆகவே இரண்டையும் வாயில் வைத்துப் பார்த்துத்தான் பேசுகிறேன்.

பல்செட் போட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள். பத்துக்கு எட்டுப் பேர் கீழ்ப் பல்செட்டைத்தான் திட்டுவார்கள். மேல் பல்செட்டை ஒரு மாதத்தில் மறந்தே போவார்கள். இதற்குக் காரணம் டாக்டரின் கைத்திறன் மட்டும் இல்லை, வாயின் அமைப்பே அப்படி. மேல் பல்செட் அண்ணம் முழுவதையும் மூடிக்கொண்டு உட்காருகிறது. நடுவில் மெல்லிசாக எச்சில் படலம். இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே தண்ணீர் விட்டு ஒட்டினால் பிரிக்க முடியாதல்லவா, அதே கணக்கு. கீழே அண்ணம் கிடையாது. குதிரை லாடம் மாதிரி ஒரு வளையம், நடுவில் ஓயாமல் புரளுகிற நாக்கு, வெளியே தள்ளுகிற உதடும் கன்னமும். எதைப் பிடித்துக்கொண்டு அது நிற்கும்?

இன்னொன்றும் உண்டு. பல் போனதும் அந்தப் பல்லைத் தாங்கிக்கொண்டிருந்த எலும்புக்கு வேலை போய்விடுகிறது. வேலை இல்லாத எலும்பு கரையத் தொடங்கும். பல்செட் போட்டவர்களை 25 வருஷம் வரை தொடர்ந்து கவனித்து, டால்கிரென் என்ற ஆய்வாளர் 1972-ல் எழுதியதை இன்றும் பல் மருத்துவ மாணவர்களுக்குப் பாடமாகச் சொல்கிறார்கள். கீழ்த்தாடை, மேல்தாடையைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு கரைகிறது என்பதுதான் அது. பிடிமானமே இல்லாத இடத்தில்தான் தேய்மானமும் அதிகம். அதனால்தான் முதல் வருஷம் ‘பரவாயில்லை’ என்று இருந்த கீழ்ப் பல்செட், ஐந்தாவது வருஷம் சாப்பாட்டுத் தட்டில் விழப் பார்க்கிறது.

பல் போனால் சொல் போச்சு என்று நம் ஊரில் சும்மா சொல்லவில்லை. எழுத்துகள் பிறக்கும் இடங்களைச் சொல்கிற தொல்காப்பியம் பல்லையும் அந்தக் கணக்கில் சேர்த்திருக்கிறது. ‘த’ சொல்லிப் பாருங்கள், ‘ந’ சொல்லிப் பாருங்கள். நாக்கு நுனி போய் மேல்பல்லைத் தொடுகிறது. அதற்கு மேல் பல்செட் போதும், அது நன்றாகவே உதவுகிறது. ஆனால் கீழ்ப் பல்செட் ஆடினால் நாக்குக்கு வேறு ஒரு வேலை வந்துவிடும்: பேசும்போதே அதை அமுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரே ஆள் இரண்டு ஷிப்ட் பார்ப்பது மாதிரி. ஆறு வருஷம் அப்படித்தான் பேசினேன். போனில் பேசும்போது பேத்தி, “தாத்தா, என்ன டக் டக்னு சத்தம் வருது?” என்று கேட்பாள். சங்கக் கூட்டத்தில் எழுந்து பேசுவதையே விட்டுவிட்டேன். இதெல்லாம் பெரிய வியாதி இல்லைதான். ஆனால் வாயைத் திறக்கவே கூச்சப்படுகிற கிழவன் மெல்ல மெல்ல வீட்டுக்குள் முடங்கிப்போகிறான்.

சாப்பாட்டு விஷயம் இதைவிட முக்கியம். நல்ல பல்செட் போட்டாலும் சொந்தப் பல்லின் கடி வேகத்தில் நாலில் ஒரு பங்குக்கு மேல் தேறுவது கஷ்டம். அதனால் நாம் என்ன செய்கிறோம்? இட்லி, இடியாப்பம், ரசம் சாதம், பாலில் ஊறிய பிரெட் என்று மாறிவிடுகிறோம். சுண்டல் போகிறது, வேர்க்கடலை போகிறது, கேரட், வெள்ளரிக்காய், கறி எல்லாம் போகிறது. வயிறு நிறைகிறது, ஆனால் புரதமும் நாரும் குறைகிறது. சர்க்கரை உள்ளவனுக்கு அரிசியும் மாவும் மட்டுமே மிஞ்சினால் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மணப்பாறை முறுக்குக் கடிப்பதை நான் பெரிதாக நினைக்கவில்லை. ஒரு கொய்யாப்பழத்தை நிம்மதியாகச் சாப்பிட முடியவில்லையே என்பதுதான் எனக்கு வருத்தமாக இருந்தது. ஒரு விதை அடியில் போய் உட்கார்ந்தால் செருப்புக்குள் கல் மாதிரி.

ஆகவே பழைய பல்செட்டே போதும் என்று நான் வாதாட வரவில்லை. இம்ப்ளான்ட் ஒரு பெரிய கண்டுபிடிப்பு. அதன் கதையும் சுவையானது. 1950-களில் ஸ்வீடனில் பிரானெமார்க் என்ற டாக்டர் பல்லைப் பற்றி யோசிக்கவே இல்லை. எலும்புக்குள் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று பார்க்க, முயலின் கால் எலும்பில் டைட்டானியத்தால் செய்த ஒரு சின்னக் கருவியைப் பொருத்தினார். ஆராய்ச்சி முடிந்து அதைக் கழற்றப் போனால் வரவில்லை. எலும்பு டைட்டானியத்தோடு ஒன்றிப்போய்விட்டது. வேறு ஒருவராக இருந்தால் கருவி வீணாய்ப் போயிற்றே என்று விட்டிருப்பார். அவர் அதைப் பிடித்துக்கொண்டார். 1965-ல் யோஸ்டா லார்சன் என்பவரின் கீழ்த்தாடையில் முதன்முதலாக டைட்டானியம் வேர்களைப் பொருத்தினார். லார்சன் 2006-ல் இறக்கும் வரை, நாற்பது வருஷத்துக்கு மேல், அவை அவர் வாயில் வேலை செய்தன. நான் ஓவராலுக்கு வந்த எஞ்சின்களைப் பார்த்தவன். நாற்பது வருஷம் புஷ் மாற்றாமல் ஓடிய எதையும் பார்த்ததில்லை.

இப்போது போர்டுகளில் வருகிற ‘நாலு இம்ப்ளான்ட்டில் முழு வரிசை’ என்பதைப் பிரபலமாக்கியவர் போர்ச்சுகல் டாக்டர் பவுலோ மாலோ. 2003-ல் அதைப் பற்றி எழுதினார். முன்பக்கம் இரண்டு நேராக, பின்பக்கம் இரண்டு சாய்வாக. ஏன் சாய்வு என்று என்னிடம் கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவேன். கீழ்த்தாடையில் பின்பக்கம் ஒரு நரம்பு ஓடுகிறது, மேல்தாடையில் பின்பக்கம் சைனஸ் என்கிற காற்றறை இருக்கிறது. நேராக இறக்கினால் அவற்றில் போய் இடிக்கும். சாய்த்து இறக்கினால் இரண்டையும் தவிர்க்கலாம், நீளமான போல்ட் போடலாம், போல்ட்டின் தலையும் பின்னால் தள்ளி வரும். அதனால் கடைவாய்ப்பல் ஆதாரமில்லாமல் அந்தரத்தில் தொங்குவது குறைகிறது. பால்கனிக்குத் தூண் கிட்டே வந்த மாதிரி. எலும்பில் வேறு எலும்பு வைத்து ஒட்டுப்போடும் வேலையும் பலருக்கு மிச்சமாகிறது. நல்ல எஞ்சினியர் மூளை.

ஆனால் போர்டில் இருக்கிற ‘ஒரே நாளில்’ என்ற வார்த்தையைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். அன்றே மாட்டி அனுப்புவது பெரும்பாலும் தற்காலிகப் பல், அக்ரிலிக்கில் செய்தது. எலும்பு போல்ட்டைப் பிடிக்க மாதங்கள் ஆகும். அதுவரை மெத்தென்ற சாப்பாடுதான். நிரந்தர வரிசை மூன்று முதல் ஆறு மாதம் கழித்துத்தான் வரும். அன்றே பல் மாட்டலாமா என்பதும் போல்ட் எவ்வளவு இறுக்கமாக இறங்குகிறது என்பதைப் பொறுத்தது. பொதுவாக 35 நியூட்டன் சென்டிமீட்டராவது வேண்டும் என்பார்கள். எங்கள் ஒர்க்‌ஷாப்பில் இருந்த டார்க் ரெஞ்சின் குட்டித் தங்கச்சி ஒன்று அவர்களிடமும் இருக்கிறது. அந்த இறுக்கம் வராவிட்டால் பழைய முறைப்படி மூடி வைத்துக் காத்திருக்க வேண்டியதுதான். ஆகவே, வாயைத் திறந்து பார்ப்பதற்கு முன்பே ‘ஒரே நாளில்’ என்று உறுதி கொடுக்கிறவர்களிடம் எனக்கு நம்பிக்கை இல்லை.

இதைவிட எனக்குக் கோபம் வந்த விஷயம் ஒன்று உண்டு. என் மனைவிக்கு மேலே முழுவதும் போய்விட்டது. கீழே ஏழு பல் மிச்சம். நான்கு வருஷத்துக்கு முன்னால் ஓர் ஆஸ்பத்திரியில் அந்த ஏழையும் பிடுங்கிவிட்டு நாலு இம்ப்ளான்ட் போடலாம் என்றார்கள். “அரைகுறையா வச்சிருந்து என்னம்மா பண்ணப்போறீங்க? மொத்தமா எடுத்துட்டா சுத்தமாயிடும்” என்றார் அங்கிருந்த பணம் பேசுகிற பெண். டாக்டர் அல்ல, பணம் பேசுவதற்கென்றே தனியாக ஒருவர். என் மனைவி என்னைப் பார்த்து, “என்னங்க, ஆடாத பல்லை எதுக்குங்க பிடுங்கணும்?” என்றாள். அதைவிட நல்ல கேள்வி எந்த டாக்டரும் கேட்டிருக்க முடியாது. வேறு ஒரு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போனோம். ஏழில் ஒன்று மட்டும்தான் தேறாது என்றார்கள். இரண்டு பல்லுக்கு வேர் சிகிச்சை, மற்றவற்றுக்கு ஈறு சுத்தம். இன்றைக்கும் அந்த ஆறு பல்லும் இருக்கின்றன. அவற்றில் கம்பி மாட்டி, கழற்றி மாட்டுகிற பல் போட்டிருக்கிறாள்.

சொந்தப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவில் மெல்லிய நார் மெத்தை ஒன்று இருக்கிறது. எவ்வளவு அழுத்திக் கடிக்கிறோம் என்று அதுதான் மூளைக்குச் சொல்கிறது. சாதத்தில் கல் இருந்தால் பாதியிலேயே நிறுத்துகிறோமே, அந்த வேலை. இம்ப்ளான்ட்டில் அந்த மெத்தை கிடையாது, போல்ட் நேரே எலும்பில் நிற்கிறது. ஆகவே நிற்கிற பல்லை, அது கொஞ்சம் அசிங்கமாக இருந்தாலும், வசதிக்காகப் பிடுங்க விடாதீர்கள். பிடுங்கச் சொன்னால் இன்னொரு டாக்டரிடம் காட்டுங்கள். பிடுங்கிய பிறகு யாரிடம் காட்டியும் பயன் இல்லை.

அதே ஆஸ்பத்திரியில் இன்னொன்றும் நடந்தது. படிவத்தில் சர்க்கரை உண்டா, பி.பி. உண்டா, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உண்டா என்று கேட்டார்கள். எலும்புத் தேய்மானத்துக்கு ஊசி போடுகிறீர்களா என்று கேட்கவில்லை. என் மனைவிக்கு வருஷத்துக்கு ஒரு முறை டிரிப்ஸில் ஜோலிட்ரானிக் ஆசிட் ஏற்றுகிறார்கள். வருஷத்துக்கு ஒரு நாள் சமாச்சாரம் என்பதால் மாத்திரைப் பட்டியலில் அது வராது, நமக்கும் நினைவுக்கு வராது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை போடும் டெனோசுமாப் ஊசியும் அப்படித்தான். இந்த மருந்துகள் போட்டுக்கொள்கிறவர்களுக்குப் பல் பிடுங்கினாலோ தாடையில் துளை போட்டாலோ, அந்தப் புண் ஆறாமல் எலும்பு செத்துப்போகிற ஆபத்து உண்டு. எலும்புத் தேய்மானத்துக்குக் கொடுக்கும் அளவில் அது அபூர்வம். புற்றுநோய்க்குக் கொடுக்கும் அளவில் அவ்வளவு அபூர்வம் இல்லை. அபூர்வம் என்றாலும் வந்துவிட்டால் படாதபாடு. அதற்காகப் பல் வைத்தியத்தை நினைத்து ஊசியை நீங்களாக நிறுத்தவும் கூடாது. டெனோசுமாப்பைத் திடீரென்று நிறுத்தினால் முதுகெலும்பு நொறுங்கலாம். ஊசி போடும் டாக்டரும் பல் டாக்டரும் பேசிக்கொள்ளட்டும். நாம் மறக்காமல் சொன்னால் போதும்.

இனி, யாரும் பேசாத விஷயத்துக்கு வருகிறேன். ஆறு லட்சம் கொடுத்துப் போட்ட பிறகு அதைச் சுத்தம் செய்வது யார்?

முடுக்கி வைத்த பல் வரிசைக்கும் ஈறுக்கும் நடுவில் மெல்லிய இடைவெளி இருக்கும். தினமும் அதன் அடியில் சின்ன பிரஷ் விட்டோ, தண்ணீர் பீய்ச்சும் கருவியாலோ சுத்தம் செய்ய வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை டாக்டரிடம் காட்ட வேண்டும். செய்யாவிட்டால் போல்ட்டைச் சுற்றி ஈறு வீங்கும், எலும்பு அரிக்கும். நம் பல்லை விழவைத்த அதே ஈறு நோயின் தம்பி இது. என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் 68 வயதில் இரண்டு தாடைக்கும் முழு வரிசை போட்டுக்கொண்டார். அருமையாக இருந்தது. என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சீடையை ‘மடக் மடக்’ என்று கடித்து என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டவர். நான்கு வருஷம் கழித்துப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. இப்போது படுக்கையில் இருக்கிறார். மருமகள் நல்ல பெண், பார்த்துக்கொள்ள ஒரு ஆயாவும் உண்டு. ஆனால் படுத்திருக்கிறவரின் வாய்க்குள், கழற்ற முடியாத பல் வரிசைக்கு அடியில் பிரஷ் விட அவர்களுக்குத் தெரியவில்லை. டாக்டர் நாற்காலிக்குத் தூக்கிப்போகவும் முடியவில்லை. ஈறு வீங்கி, கிட்டே போனால் வாடை வருகிறது. சாதாரணப் பல்செட்டாக இருந்தால் அந்த ஆயா கழற்றி, குழாயில் கழுவி, டம்ளரில் போட்டுவிடுவாள்.

இதைச் சொன்னால் “நமக்கு அப்படி வரும்னு ஏன் அத்தான் நினைக்கணும்?” என்கிறார் மைத்துனர். வர வேண்டாம். ஆனால் 71 வயதில் வாங்குகிற எந்தப் பொருளையும் 81 வயதில் யார் துடைத்து வைப்பார்கள் என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

சரி, இரண்டு போல்ட் வழிக்கு வருகிறேன். இது நான் கண்டுபிடித்த கோட்பாடு இல்லை. 2002-ல் கனடாவின் மான்ட்ரியல் நகரில், மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய பல் மருத்துவ நிபுணர்கள் இதை எழுதியே வைத்திருக்கிறார்கள். கீழ்த்தாடையில் பல்லே இல்லாதவருக்கு வெறும் பல்செட்டை முதல் சிகிச்சையாக இனிச் சொல்லக் கூடாது, இரண்டு இம்ப்ளான்ட் மேல் மாட்டும் பல்செட்டைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்பது அவர்கள் முடிவு. 2009-ல் இங்கிலாந்தில் யார்க் நகரில் கூடியவர்களும் அதையே சொன்னார்கள். நம் ஊர் போர்டுகளுக்கு அந்தச் செய்தி வந்து சேரவில்லை.

எனக்குச் செய்தது இப்படி. முதலில் ஸ்கேன் எடுத்துக் கீழே எலும்பு எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தார்கள். கீழ்த்தாடையின் முன்பக்கம், கோரைப்பல் இருந்த இரண்டு இடத்திலும்தான் பொதுவாக எலும்பு கடைசிவரை மிஞ்சி நிற்கும். அங்கேதான் இரண்டு போல்ட்டும். மூன்று மாத சர்க்கரை அளவு கட்டுக்குள் வரும்வரை டாக்டரம்மா கை வைக்க மறுத்துவிட்டார். “அவசரம் எனக்கும் இல்லை, உங்களுக்கும் இல்லைங்கப்பா” என்றார். எனக்கு அவர் மேல் மரியாதை வந்ததே அந்த இடத்தில்தான். மரத்துப்போக ஊசி போட்டு ஒரு மணி நேரத்துக்குள் இரண்டையும் இறக்கினார். பல் பிடுங்கியதைவிட வலி குறைவு. மூன்றரை மாதம் காத்திருப்பு. பிறகு போல்ட்டின் மேல் சின்னக் குமிழ் ஒன்றை முடுக்கி, அதற்கு ஜோடியான கிண்ணத்தை என் பழைய பல்செட்டின் அடியிலேயே பதித்துக் கொடுத்தார். புதுப் பல்செட் செலவும் மிச்சம். சட்டைக்கு வைக்கும் பிரஸ் பட்டன் மாதிரி ‘டப்’ என்று உட்காருகிறது. மொத்தம் 82 ஆயிரம் ரூபாய் ஆயிற்று. மெடிக்கிளெய்மில் வராது. பொதுவாக விபத்தில் போன பல்லுக்குத்தான் பாலிசிகளில் இடம் உண்டு. பென்ஷன் அரியர் வந்த நேரம், யாரிடமும் கேட்காமல் கட்டினேன்.

குறையும் சொல்ல வேண்டும். கிண்ணத்துக்குள் நைலான் வளையம் ஒன்று இருக்கிறது. அது தேயும். வருஷத்துக்கு ஒரு முறை எனக்கு மாற்ற வேண்டியிருக்கிறது, சில நூறு ரூபாய், கால் மணி நேர வேலை. எங்கள் பாஷையில் சொன்னால் புஷ் மாற்றுவது. எலும்பின் பின்பக்கம் கரைவதும் முழுக்க நிற்கவில்லை. அதனால் அவ்வப்போது பல்செட்டின் அடிப்பக்கத்துக்கு ரீலைனிங் செய்ய வேண்டும். விதை அடியில் போவது குறைந்திருக்கிறதே தவிர நிற்கவில்லை. சொந்தப் பல் மாதிரி இருக்கிறதா என்றால், இல்லை. ஆனால் பேசும்போது நாக்குக்கு ஒரு ஷிப்ட்தான். வேகவைத்த கடலை, வெள்ளரிப் பிஞ்சு, சப்பாத்தி, ஆட்டுக்கறி எல்லாம் திரும்ப வந்துவிட்டன. இரண்டு போல்ட்டையும் தேய்க்க ஒரு சாதாரண பிரஷ் போதும். நாளைக்கு என் கை விழுந்தாலும் இன்னொருவர் கழற்றிக் கழுவலாம்.

அப்படியானால் முழு வரிசை யாருக்கு? ஐம்பத்தைந்து, அறுபது வயதில் பல் மொத்தமும் போனவர், முன்னால் இருபது இருபத்தைந்து வருஷம் இருக்கிறது, இன்னும் வேலைக்குப் போகிறவர், அவர் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம். மேல் பல்செட்டை வைத்தாலே குமட்டல் வந்து வாந்தி எடுப்பவர்கள் சிலர் உண்டு, அவர்களுக்கு அது வரப்பிரசாதம். கழற்றிய வாயோடு கணவன் மனைவி முன்னால்கூட நிற்க முடியாது என்று மனம் ஒப்பாதவர்கள் இருக்கிறார்கள். அதையும் நான் சிரிக்க மாட்டேன். பணம் கையில் இருந்து, கடன் வாங்காமல், ஆறு மாதத்துக்கு ஒரு முறை போய்க் காட்டும் புத்தியும் இருந்தால் போடட்டும். பீடி சிகரெட் பிடிப்பவர்கள் மட்டும் முதலில் அதை விட்டுவிட்டு டாக்டரிடம் போகலாம். புகை, இம்ப்ளான்ட்டுக்கு ஜென்ம விரோதி.

கையில் 82 ஆயிரமும் இல்லாதவர்கள் என்னை வைய வேண்டாம். நல்ல பல்செட் ஒன்றும் கேவலம் இல்லை. பல் மருத்துவக் கல்லூரிகளில் குறைந்த செலவில் செய்து தருகிறார்கள். மாணவர்கள் செய்வார்கள், ஐந்தாறு தடவை நடக்க வேண்டும். நமக்கு நேரத்துக்கு என்ன பஞ்சம்? வெளியே அவசரமாக இரண்டே தடவையில் முடிப்பதைவிட அங்கே பொறுமையாக அளவெடுப்பதைப் பார்த்திருக்கிறேன். வாத்தியார் வந்து சரிபார்த்த பிறகுதான் அடுத்த கட்டம். போட்ட பல்செட்டை இரவில் கழற்றித் தண்ணீரில் போட்டுத் தூங்குங்கள். வெந்நீர் வேண்டாம், வளைந்துவிடும். ஜப்பானில் 85 வயதுக்கு மேற்பட்டவர்களைக் கவனித்து 2015-ல் வெளியான ஆய்வில், பல்செட்டோடு தூங்குகிறவர்களுக்கு நிமோனியா வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்காக இருந்தது. செய்யும்போதே உள்பக்கத்தில் சின்னதாகப் பெயரைப் பதித்துத் தரச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு முன்னால் கழற்றித் தாளில் சுற்றி வைத்த பல்செட், பெருக்குகிற அம்மாவின் கூடைக்குப் போன கதை எனக்குத் தெரிந்தே மூன்று.

மைத்துனர் தபால் ஆபீஸ் பணத்தை இன்னும் தொடவில்லை. போன புதன்கிழமை ஸ்கேன் எடுத்தார். முன்பக்கம் எலும்பு நன்றாக இருக்கிறதாம். மேலே ஆடாமல் நிற்கிற இரண்டு கோரைப்பல்லை வைத்துக்கொண்டே பல்செட் செய்யலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த இரண்டும் அவருடைய 6 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய்க் காகிதத்தில் பிடுங்க வேண்டிய பட்டியலில் இருந்தவை.